ஸ்பெயின் சேரும் சம்மனசுப் பாட்டும்

கற்பிட்டிக் கரைக்கு அரபு நாட்டு வணிகர்கள் வந்தார்கள். போர்த்துக்கேயர் வந்தார்கள். ஒல்லாந்தர் வந்து கோட்டை கட்டினார்கள். ஆங்கிலேயர் வந்து அதில் குடியிருந்தார்கள். இப்போது இடுப்பில் பட்டம் கட்டிக்கொண்டு கடல்மேல் வழுக்கி விளையாட எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால், இந்தக் கரைக்கு ஒருநாளும் கப்பல் அனுப்பாத ஒரு தேசத்தின் பழைய இலக்கியத்தை இங்கே தேடி வந்து, தேடியதைக் கண்டும் பிடித்து, கண்டுபிடித்த துக்கத்தில் சாப்பிடாமலும் கிடந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஸ்பெயின் சேர்.

அவருக்கு முறையான பெயர் ஒன்று இருந்தது. பல்கலைக்கழக விரிவுரையாளர் என்பதால் அந்தப் பெயருக்கு முன்னால் ஒன்றும் பின்னால் சிலவுமாகப் பட்டங்களும் இருந்தன. கற்பிட்டி பஸ் நிலையத்தில் இறங்கியதும் எல்லாவற்றையும் ஓட்டோக்காரர் கழற்றி வைத்துவிட்டார். என்ன வேலையாக வந்தீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். காலனித்துவ கால ஸ்பானிய இலக்கியம் பற்றி ஆராய்கிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். போர்டிங் வாசலில் ஓட்டோவை நிறுத்திய மனிதர், “ஹாஜியார், ஸ்பெயின் சேர் வந்திரிக்கார்” என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான். அதன்பிறகு அவருடைய அசல் பெயரைத் தபால்காரர்கூடத் தேடவில்லை.

நான் அப்போது கற்பிட்டியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் சிலாபத்துக்குப் பக்கம், முன்னேஸ்வரம். வாரக் கடைசியில் ஊருக்கு, மற்ற நாட்களில் ஹாஜியார் வீட்டு மேல்மாடியில். மேல்மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான், மற்றதில் வௌவால்கள். ஸ்பெயின் சேர் வந்ததும் வௌவால்கள் வெளியேறின. அவர் வாசிக்கிற சத்தம் தாங்காமல்தான் போயின என்று ஹாஜியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹாஜியார் உப்பு வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்பதிலிருந்து ஓய்வு பெறாதவர். முதல் நாள் சாப்பாட்டிலேயே தொடங்கிவிட்டார்.

“போர்த்துக்கீசன் வந்தது தெரியும். ஒல்லாந்தன் வந்தது தெரியும். ஸ்பெயின்காரன் எப்ப சேர் இங்க வந்த?”

“வரல்ல ஹாஜியார்.”

“அப்ப என்னத்தத் தேடுறீங்க?”

“அவன்ட பாஷை வந்திச்சு.”

ஹாஜியார் கையிலிருந்த இடியப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொதியைப் பார்த்தேன்.

ஸ்பெயின் சேர் விளக்கினார். ஒரு காலத்தில் ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே அரசன் இருந்தானாம். கப்பலில் இங்கே வந்தவன் போர்த்துக்கேயன்தான். வீட்டில் பேசியதும் போர்த்துக்கேயம்தான். ஆனால் நாலு பேர் மெச்சக் கவிதை எழுத வேண்டுமென்றால் மட்டும் ஸ்பானியத்தில் எழுதுவானாம். அதுதான் அன்றைக்கு நாகரிகம். “நம்மட ஆக்கள் கலியாணக் கார்ட்டை இங்கிலீசில அடிக்கிறமாதிரி” என்று முடித்தார். ஹாஜியாரின் கடைசி மகளுடைய கலியாணக் கார்ட், பொன்னெழுத்து ஆங்கிலத்தில், அவருக்குப் பின்னால் அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருந்தது. ஹாஜியார் இடியப்பத்தை மறுபடி எடுத்துக்கொண்டார்.

அவருடைய அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளவயதில் ஸ்பெயினிலும் லிஸ்பனிலும் கோவாவிலும் ஆவணக் காப்பகங்களில் வருஷக்கணக்காக உட்கார்ந்து பழகியவர். அங்கே பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும். தண்ணீர் கொண்டுபோகக் கூடாது. பை வெளியே. கை கழுவ வேண்டும். இந்தச் சட்டங்கள் அனைத்தையும் அவர் கற்பிட்டியில் அமுலாக்கினார். அறையில் பழைய ஆவணம் ஒன்றுகூடக் கிடையாது, இருந்ததெல்லாம் போட்டோக்கொப்பியும் மடிக்கணினியும். ஆனாலும் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் அவற்றைத் தொடுவார். பழக்க தோஷத்தில் பத்திரிகையையும் கையுறையோடுதான் பிரிப்பார். ஹாஜியாரின் மனைவியை நாங்கள் மாமி என்போம். இவருக்கு ஏதோ தோல் வியாதி என்று நினைத்து, மாமி ஒரு மாதம் வேப்பிலை அவித்த தண்ணீர் கொடுத்தனுப்பினார். அதையும் அவர் உள்ளே அனுமதிக்கவில்லை.

ஒருநாள் மின்விசிறி நின்றுவிட்டது. மின்சார வேலைக்காரர் வந்தார். ஸ்பெயின் சேர் அவருடைய காதிலிருந்த பேனாவை வாங்கி வெளியே வைத்தார். பையை வெளியே வைக்கச் சொன்னார். கையைக் கழுவச் சொன்னார். பிறகு மிகுந்த மரியாதையோடு உள்ளே அழைத்தார். அந்த மனிதர் வெறுங்கையோடு விசிறிக்குக் கீழே நின்று சிறிதுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “சேர், ஸ்க்ரூ ட்ரைவர் பைக்குள்ள இரிக்கி” என்றார். அது பென்சிலும் இல்லை, பேனாவும் இல்லை என்பதால் சட்டத்தில் அதற்கு இடமில்லை. விசிறி பதினைந்து நாட்கள் நின்றே கிடந்தது.

விடியற்காலை அவர் வாய்விட்டு வாசிப்பார். ஸ்பானியத்தில் ஒரு றகரம் உண்டு, நாக்கை உதறி உருட்ட வேண்டும். அவர் அதை உருட்டத் தொடங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து தன் தண்ணீர் மோட்டரைப் பார்க்கப் போவார். ஓடாத மோட்டர் எப்படி ஓடுகிறது என்று அவர் மெக்கானிக்கைக் கூட்டி வந்த கதையும் உண்டு.

அப்படியே ஆறேழு மாதம். பிறகு, கற்பிட்டியில் உண்மையான ஸ்பெயின்காரி ஒருத்தி இருக்கிறாள் என்ற செய்தி வந்தது. கடலில் பட்டச் சறுக்கல் பழக்குகிற மார்த்தா என்ற பெண். என்னை மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். நீளக்கை வெள்ளைச் சேர்ட்டும் கறுப்புச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கடற்கரை மணலில் நடந்து போய், ஈரத்தலையோடு நின்ற அந்தப் பெண்ணின் முன்னால் இடுப்பு வளைத்து ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் என்ன சொன்னார் என்று அவள் பிறகு எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். “பெருமாட்டியே, தங்கள் கரங்களை முத்தமிடுகிறேன். தாங்கள் எம்பெருமான் அரசரின் எந்த மாகாணத்திலிருந்து எழுந்தருளினீர்கள்?” அருங்காட்சியகத்துச் சிலை இறங்கி வந்து வழி விசாரித்த மாதிரி இருந்ததாம் அவளுக்கு. அவர் படித்த ஸ்பானியம் முழுவதும் நூற்றாண்டுகளுக்கு முந்திய கையெழுத்துப் படிகளிலிருந்து படித்தது. அதில் அரசர்களோடு பேசலாம், புனிதர்களோடு பேசலாம், போர்க்களத்தில் சாகலாம். ஒரு தேத்தண்ணி கேட்க முடியாது.

திரும்பி வரும்போது சேர் மிகவும் வாடிப்போயிருந்தார். என்ன என்று கேட்டேன். “பாவம் தம்பி அந்தப் பிள்ள. நல்ல பிள்ள. ஆனா ஸ்பானியம் தெரியாது” என்றார். மார்த்தா வசனத்துக்கு ஒரு ‘பாலே’ போடுகிறாளாம். நமக்கு ‘சரி’ போல அது அவர்களுக்கு. சேரின் கையெழுத்துப் படி எதிலும் அப்படி ஒரு சொல் கிடையாதாம். இருந்தாலும் இருவரும் சிநேகமானார்கள். மார்த்தா வெள்ளிக்கிழமைகளில் மாமியின் சோற்றுக்கு வருவாள். சேர் அவளுக்குப் பழைய ஸ்பானியம் திருத்துவார். அவள் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ‘பாலே’ என்பாள்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

வந்த காரியம் அவருக்கு நடக்கவில்லை. இந்தக் கரையில் பேசுகிறவர்களின் வாயில் ஒரு ஸ்பானியச் சொல்லாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. மீனவர் கிராமங்களுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போவார். சனங்கள் அன்பாக உட்காரவைத்து, சந்தைக்கு மரக்கறி கொண்டுவந்து கொட்டுவதுபோலச் சொற்களைக் கொட்டுவார்கள். பாண், கதிரை, அலுமாரி, ஜன்னல். சேர் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, “போர்த்துக்கேயம்” என்று ஒதுக்கிவிடுவார். வெள்ளைக்குடா என்ற கத்தோலிக்கக் கிராமத்தில் ஒரு பெரியவர், தன் வீட்டில் இருக்கிற ஒரு சாமானுக்கும் மரியாதை இல்லாமல் போனதைக் கண்டு கோபித்து எழுந்தே போய்விட்டார்.

அந்த வெள்ளைக்குடாவில்தான் சவிரி அண்ணாவியார் இருந்தார். ஊர்த் திருநாளுக்குக் கூத்துப் பழக்குகிறவர். புயலில் அகப்பட்ட தோணியைப் புனிதர் ஒருவர் கரைசேர்க்கிற கூத்து அது. தோணி தத்தளிக்கும் இடத்தில் எல்லோருமாகச் சேர்ந்து இரண்டு வரி பாடுவார்கள். எந்தப் பாஷை என்று எவருக்கும் தெரியாது. சம்மனசுகளின் பாஷை, அதாவது வானதூதர்களின் பாஷை என்று ஊரில் நம்பிக்கை. அந்த இடம் வந்தால் பெண்கள் அழுவார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பருவத்துக்குக் கடலில் தோணி இறங்கும்.

அண்ணாவியார் சேருக்கு அதைப் பாடிக் காட்டினார்.

ஆபிரே ஆபிரே தாவர்நேரே
கேமே மூவேரோ தேசேதே

அவருடைய தகப்பனார் சொல்லிக்கொடுத்த விளக்கமும் இருந்தது. ஆபிரே என்றால் ஆபிரகாம். தாவர்நேரே என்றால் தாவீதின் நேரே. மூவேரோ என்றால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரேதான். தேசேதே, தேசத்தே. கேமே என்பதற்கு மட்டும் அர்த்தம் தெரியாது. அது சம்மனசுகளுக்கு மட்டும் உரியது என்று விட்டுவிட்டார்கள்.

பக்கத்தில் இருந்த நான் சேரின் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை முடிவுப் பலகையில் தன் இலக்கத்தைக் கண்டவன் மாதிரி ஒரு பிரகாசம். அடுத்த கணமே அதன்மேல் ஒரு நிழல். இன்னொரு முறை பாடச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. வீடு திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தச் சொல்லி, உப்பளத்து வரம்பில் என்னை உட்காரவைத்துச் சொன்னார். அது ஸ்பானியம். ‘ஆபிரே’ என்றால் ‘திற’. ‘தேசேதே’ என்பது தாகத்தில் சாகிறேன் என்பதன் வால். இவ்வளவும் நிச்சயம்.

“தாவர்நேரேயில்தான் ஆபத்து இருக்கு தம்பி.”

ஸ்பானியத்தில் ‘தாபர்நாகுலோ’ என்று ஒரு சொல். கோயிலில் நற்கருணை வைக்கிற பேழை. ‘தாபர்நேரா’ என்று இன்னொரு சொல். அது தவறணை, அதாவது குடிக்கிற கடை, நடத்துகிற பெண். முதல் பாதி இரண்டுக்கும் ஒன்றுதான். வாலில் ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் சாராயக்கடை. எது என்று மூலப்படி கிடைத்தால்தான் சொல்லலாம், அதுவரை மூச்சுவிடாதே என்றார். நான் விடவில்லை.

இதற்குள் வெள்ளைக்குடாவில் வேறொரு சங்கடம் முளைத்தது. கோயிலுக்குப் புதிய பாதிரியாராக வந்த இளம் சுவாமியார் நல்லவர், படித்தவர், எதற்கும் அர்த்தம் தெரிய வேண்டும் என்பவர். அர்த்தம் தெரியாத பாட்டைக் கோயில் முற்றத்தில் சனங்கள் அழுதுகொண்டு பாடுவது அவருக்குச் சரியாகப் படவில்லை. இந்தத் திருநாளுக்கு முன் யாராவது அர்த்தம் சொன்னால் பாடலாம், இல்லையென்றால் அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட வேண்டும் என்று அறிவித்துவிட்டார். அண்ணாவியார் பஸ் பிடித்து எங்கள் போர்டிங்குக்கு வந்து, வெளியே செருப்பையும் பேனாவையும் வைத்து, கை கழுவி, சேருக்கு முன்னால் நின்றார். எப்படியாவது கண்டுபிடித்துத் தாருங்கள் என்று கேட்டார். தருகிறேன் என்று சேர் வாக்குக் கொடுத்தார்.

அதன்பிறகு அவர் மனிதராகவே இருக்கவில்லை. உலகத்தில் எந்தெந்தக் காப்பகத்தில் பழைய சிப்பாய்களின் பாட்டுத் தொகுப்புகள் உண்டோ அங்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினார். அரசரை விளிக்கிற அதே ஸ்பானியத்தில் அனுப்பினார். பாதிப் பேர் பகிடி என்று நினைத்துப் பதில் போடவில்லை. பிறகு மார்த்தா, எந்தப் பாட்டுக்காக என்று தெரியாமலே, உட்கார்ந்து இந்தக் காலத்து ஸ்பானியத்தில் எழுதிக் கொடுத்தாள். அதை அவர் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார். பதில்கள் வரத் தொடங்கின. அவரோ தினமும் ஒரே ஒரு சொல்லுக்காக வேண்டிக்கொண்டிருந்தார். பேழையாக இருக்க வேண்டும், பேழையாக இருக்க வேண்டும்.

நாட்டில் எண்ணெய் இல்லாமல் கரண்ட் பாதி நாள் வராத காலம் அது. வானம் தெளிவான நாளில் மொட்டைமாடியில் நின்றால் நுரைச்சோலை மின்நிலையத்துப் புகைபோக்கி தெரியும். அதைப் பார்த்தபடி நாங்கள் இருட்டில் விசிறிக்கொண்டிருப்போம். எங்கள் வங்கியில் ஜெனரேட்டர் இருந்ததால் சேர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பகலில் அங்கே வந்துவிடுவார். வாடிக்கையாளர் வரிசையில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பார். அவருடைய இலக்கம் எப்போது வரும் என்று பக்கத்தில் இருப்பவர்கள் கவலைப்படுவார்கள்.

ஒரு முற்பகல், கோவாவில் காவலுக்கிருந்து பின்னர் இலங்கைக்கும் வந்துபோன ஒரு சிப்பாய் எழுதிச் சேர்த்த பாட்டுகளின் படம் ஒன்று அவருக்கு வந்து சேர்ந்தது. இணையம் நொண்டிக்கொண்டிருந்தது. பக்கம் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாகத் திறந்தது. சேர் கையுறை போட்ட விரலைத் திரையில் வைத்துக்கொண்டு அதோடு இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. என் கவுண்டரைப் பார்த்துத் தலையை நிமிர்த்தி, செத்தவீட்டுச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

“தவறணைதான் தம்பி.”

வரிசையில் இருந்த ஒரு மீனவர் அனுதாபத்தோடு திரும்பினார். “தவறணை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் சேர். இந்நேரம் பூட்டியிருக்கும்.”

சேர் அவருக்கு நன்றி சொன்னார்.

‘கதவைத் திற, கதவைத் திற, தவறணைக்காரியே, தாகத்தில் நான் சாகிறேன்.’ இதுதான் சம்மனசுகளின் பாஷையில் இருந்த செய்தி. இந்தக் கரையில் ஸ்பானிய இலக்கியம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு உலகத்தில் கிடைத்த முதல் சான்று. ஒரு வாழ்நாள் உழைப்பின் பலன். அதைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர் மேல்மாடியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மாமி கொடுத்தனுப்பிய கஞ்சி படியிலேயே ஆறியது. சேர் வீட்டில் யாருக்காவது மோசமா என்று மாமி என்னிடம் கேட்டார். வீட்டில் இல்லை, நானூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பெண்ணால் வந்த மோசம் என்று சொன்னேன்.

திருநாளுக்கு இன்னும் ஒரு கிழமை. அர்த்தம் சொல்லாவிட்டால் பாட்டுப் போய்விடும். சொன்னால் கட்டாயம் போய்விடும். பேழை என்றே சொல்லிவிடுங்களேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். கோபிக்கவில்லை.

“நான் பொய் சொன்னா நாளைக்கு அது சான்றாயிடும் தம்பி. இன்னொருத்தன் வருவான். என்ட பேரைப் போட்டு அதையே எழுதுவான். அவனுக்கு நான் என்ன செய்யிற?”

இன்னும் பிறந்திருக்கக்கூட வாய்ப்பில்லாத ஒரு ஆராய்ச்சியாளனுக்காக அந்த மனிதர் பட்டினி கிடந்தார். அடுத்த நாள் காலை சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வெள்ளைக்குடாவுக்குப் போக வேண்டும் என்றார்.

அண்ணாவியார் கோயில் முற்றத்தில் கூத்துத் தோணிக்கு நீலச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். ஒட்டுப்பலகைத் தோணி, இரண்டு ஆள் உட்காரலாம். தனியாகப் பேச வேண்டும் என்று சேர் சொன்னதும், முற்றத்தில் வேறு மறைவு இல்லாததால் இருவரும் அந்தத் தோணிக்குள் இறங்கி உட்கார்ந்தார்கள். நான் வெளியே தோணியின் முன்பக்க அணியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேர் ஒன்றையும் மறைக்கவில்லை. மூலப்படி, சிப்பாய், தாகம், தவறணை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணாவியாரின் தூரிகையிலிருந்து நீலம் அவருடைய இடுப்புச் சாரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, தன் தகப்பனார் இந்தப் பாட்டைக் கோயிலில் பாடியதைவிடக் கள்ளுக் குடித்துவிட்டு வந்து வீட்டு வாசலில் பாடியதுதான் அதிகம் என்றார். தாய் கதவைத் திறக்கமாட்டாராம். தகப்பனார் விடியும்வரை வெளியே கிடந்து பாடுவாராம். அர்த்தம் தெரியாமல் பாடினாரா, தெரிந்து பாடினாரா என்று இப்போதுதான் யோசனை வருகிறது என்றார்.

சிறிது நேரம் தோணி ஆடியது. அண்ணாவியார் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

“சேர், தாகம் எண்டது உண்மையா?”

“உண்மை.”

“கதவு?”

“உண்மை.”

“திறக்கச் சொல்லிக் கெஞ்சுறது?”

“அதுவும் உண்மை.”

“அப்ப சுவாமியிட்ட இந்த மூண்டு உண்மையையும் சொல்லுங்க. நாலாவத அவர் கேட்டாச் சொல்லுங்க.”

கேட்டால் கட்டாயம் சொல்வேன் என்றார் சேர். கேட்டால் சொல்லத்தானே வேண்டும் என்று அண்ணாவியாரும் ஒத்துக்கொண்டார். இருவரும் கைகொடுத்தார்கள். கையுறையில் நீலம் ஒட்டியது.

திருநாள் அன்று பொழுதுபட்டதும் கூத்துத் தொடங்கியது. ஹாஜியாரும் வந்திருந்தார், சேருக்கு என்ன ஆகிறது என்று பார்க்க. முன்வரிசையில் மார்த்தாவும் அவளுடைய சிநேகிதர் நாலு பேரும், அத்தனை பேரும் ஸ்பெயின்காரர். பாட்டு அவர்களுக்குப் புரிந்துவிடும். மார்த்தாவிடம் போய், இந்தப் பாட்டு இங்கே புனிதமானது, தயவுசெய்து சிரிக்கக் கூடாது என்று கெஞ்சினேன். எந்தப் பாட்டு என்று அவள் கேட்டாள். அதற்குள் ஒலிபெருக்கியில் சுவாமியாரின் குரல் கேட்டது. நம் சம்மனசுப் பாட்டின் பொருளைப் பேரறிஞர் ஒருவர் இப்போது சொல்வார் என்று அறிவித்தார்.

ஸ்பெயின் சேர் மேடையேறினார். ஒலிவாங்கியை அண்ணாவியார் பிடித்துக்கொண்டார்.

“தாகத்தில சாகப்போற ஒரு மனுசன், பூட்டின கதவுக்கு முன்னால நிண்டு, திற, திற எண்டு கெஞ்சுறான். அதுதான் பாட்டு.”

எங்கோ ஒரு பெண் விசும்பினாள். சுவாமியாரின் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் மெதுவாக ஒலிவாங்கியை நெருங்கி, நான் பயந்துகொண்டிருந்த அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“யாரோட கதவு சேர் அது?”

சேர் வாயைத் திறந்தார். கேட்டால் சொல்வேன் என்ற மனிதர் அவர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஹாஜியார் என் தொடையைப் பிடித்துக்கொண்டார்.

“பரலோகக் கதவு சுவாமி. வேற என்ன கதவு?” என்று மேடைக்குக் கீழே பாயில் இருந்த ஒரு வயதான பெண்மணி, இதுகூடத் தெரியாதா என்கிற குரலில் சொன்னாள்.

முற்றம் முழுவதும் ‘ஓம் ஓம்’ என்றது. சுவாமியார் அப்படியே நெகிழ்ந்து ஒலிவாங்கியை வாங்கி, மனிதனின் தாகம் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். அவர் செய்த பிரசங்கங்களில் அதுதான் சிறந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். அவ்வளவு நேரமும் ஸ்பெயின் சேர் திறந்த வாயோடு அருகில் நின்றார். நாலாவது உண்மை நாக்கின் நுனியில் இருந்தது. அதற்கு வழிவிட ஒருவரும் இல்லை.

பிறகு தோணி வந்தது, புயல் வந்தது, பாட்டும் வந்தது. முதல் தடவையில் மார்த்தாவின் சிநேகிதர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டாம் தடவையில் பார்வை பெரிதாகியது. மூன்றாம் தடவையில் ஐந்து பேரும் எழுந்து நின்று, கையிலிருந்த சோடாப் போத்தல்களை வானத்துக்கு உயர்த்தி, முழுத்தொண்டையில் சேர்ந்து பாடினார்கள். சிரிக்கவில்லை. ஒரு தாடிக்காரனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வெள்ளைக்காரருக்கும் சம்மனசுப் பாஷை தெரிந்திருப்பதைக் கண்டு ஊர் மெய்சிலிர்த்தது. அவர்கள் நாட்டுப் பக்திமுறை போலும் என்று நினைத்த சுவாமியார், தன் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை உயர்த்தினார். அதைப் பார்த்து ஊர் முழுவதும் உயர்த்தியது. ஹாஜியார் வெறுங்கையை உயர்த்தினார்.

இப்போது அது வெள்ளைக்குடாவில் வழக்கமாகிவிட்டது. சம்மனசுப் பாட்டுக்கு ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருவார்கள். சுவாமியார் முதலில் போத்தல்களை மந்திரித்துக் கொடுப்பார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் அந்தத் தண்ணீரைக் கொடுக்கிறார்கள்.

சேருக்கு அந்த வெற்றி சகிக்க முடியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்கிவிட்டதாகச் சொல்லிச் சொல்லி உருகினார். மறுநாளே சுவாமியாரிடம் போய் முழுவதையும் சொல்லிவிட்டார் என்பது எனக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் தெரியவந்தது. சுவாமியார் கடைசிவரை கேட்டாராம். பிறகு, தாகம் எல்லாம் ஒன்றுதான் சேர் என்று சொல்லி, இதை இனி வேறு யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்றும் கேட்டுக்கொண்டாராம்.

ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் ஸ்பானியத்தில் வந்தது. இந்தக் கரையில் அதை வாசிக்கக்கூடியவர் மார்த்தா ஒருத்திதான். அவள் எங்கள் சாப்பாட்டு மேசையில் அதிலிருந்த இரண்டு அடிக்குறிப்புகளை மொழிபெயர்த்துச் சொன்னாள். ஒன்று: ‘இப்பாடலின் பொருளை ஊரார் முன்னிலையில் கூறியபோது ஆசிரியர் ஒரு சொல்லை விட்டுவிட்டார். அதற்காக வருந்துகிறார்.’ மற்றது: ‘போத்தல் உயர்த்தும் சடங்கு பழையதன்று. அது ஆசிரியரின் வருகையால் நேர்ந்தது. பின்வரும் ஆய்வாளர்கள் ஏமாற வேண்டாம்.’ ஹாஜியார் இரண்டாவது குறிப்பை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆராய்ச்சி விடுமுறை முடிந்து சேர் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். நானும் மாற்றலாகிச் சிலாபத்துக்கு வந்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு வருஷமும் வெள்ளைக்குடாத் திருநாளுக்கு முந்திய நாள் அவரிடமிருந்து அழைப்பு வரும். ‘கேமே’யில் வருவது ஏகாரமா எகரமா என்று ஒரு சந்தேகமாம். நேரில் கேட்டு உறுதிப்படுத்த வேண்டுமாம். எத்தனை தடவை பதிவு செய்தாலும் அந்தச் சந்தேகம் தீருவதில்லை. அந்தக் கிழமைக்கு மேல்மாடி அறையை மாமி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. அண்ணாவியார் அவருக்காக முன்வரிசையில் ஒரு கதிரை போட்டுவைப்பார். நான் லீவு போட்டுவிட்டுப் புத்தளத்தில் பஸ் மாறி வந்து சேருவேன்.

இந்த வருஷமும் பாட்டு முடிந்ததும் கேட்டேன், சந்தேகம் தீர்ந்ததா சேர் என்று. இல்லை, இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அடுத்த வருஷமும் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.